‘போடா’ என்று சொன்னது யாரை? திரைப்பாட்டுக்குப் பொருள் எழுதத் தொடங்குபவர்களுக்கு

ஒரு பாட்டு பிடித்திருக்கிறது என்று சொல்ல ஒரு வரி போதும். அது என்ன சொல்வதாக உங்களுக்குப் படுகிறது என்று எழுத உட்காரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் பலரும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். வரிகளை அப்படியே உரைநடையில் திருப்பிச் சொல்லி, நடுநடுவே ‘ஆஹா’ போடுவது ஒரு வழி. பாட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குவது இன்னொரு வழி. முதலாவது பள்ளிக்கூடப் பொழிப்புரையாகிறது, இரண்டாவது நாட்குறிப்பாகிறது. இரண்டையும் படிப்பவர் பாட்டைப் பற்றிப் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை.

நான் பிடிவாதமாக வைத்திருக்கும் விதி ஒன்றுதான். நீங்கள் காணும் பொருள் முழுக்க உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் அது பாட்டின் எந்தச் சொல்லின்மேல் நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்ட உங்களால் முடியவேண்டும். காட்ட முடிந்தால், எழுதிய கவிஞரே வந்து ‘நான் அப்படி நினைக்கவில்லை’ என்றாலும் நீங்கள் பின்வாங்க வேண்டியதில்லை. காட்ட முடியாவிட்டால், ஊரே பாராட்டினாலும் அது பாட்டுக்கான பொருள் ஆகாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பதற்கான வழிகள். நம்மில் பெரும்பாலோருக்குப் பாட்டு என்றால் திரைப்பாட்டுதான் என்பதால் எடுத்துக்காட்டுகளையும் அங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

உறுத்தும் பாட்டை எடுங்கள்

மிகவும் பிடித்த பாட்டோடு தொடங்காதீர்கள். அதைப் பற்றி உங்களுக்குக் கேள்வியே இருக்காது, பாராட்டு மட்டுமே இருக்கும். ஏதோ ஒரு வரி உறுத்தும் பாட்டாக எடுங்கள். ‘இவன் ஏன் இந்த இடத்தில் இப்படிச் சொல்கிறான்?’ என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? அந்தப் பாட்டுதான் வேண்டும். உறுத்தும் வரியை ஒரு தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

வரிகளைக் கையால் எழுதுங்கள்

இணையத்தில் கிடைக்கும் வரிகளை நகலெடுத்து ஒட்டுவதுதான் இப்போது எல்லோருக்கும் பழக்கம். அதில் ல, ள, ழ குழம்பியிருக்கும். சொற்கள் தவறான இடத்தில் பிரிந்திருக்கும். சில நேரம் ஒரு சரணமே காணாமல் போயிருக்கும். பாட்டைக் கேட்டுக் கேட்டு நிறுத்தி நீங்களே எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, அந்தக் கவிஞரின் திரைப்பாடல்கள் தொகுப்பு நூலாக வந்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் வீட்டுப் பரணில் கிடந்தால் அதைவிட நல்லது. இசைத்தட்டில் உள்ளதும் படத்தில் உள்ளதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுதான் அடங்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

தமிழ் எழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் சிவன் ‘பாட்டும் நானே பாவமும் நானே’ என்கிறார். தாளில் மட்டும் படிப்பவர் ‘பாவமும் நானே’ என்பதைப் புண்ணிய பாவத்தில் உள்ள பாவமாக எடுத்துக்கொண்டு, இறைவனே பாவத்தையும் ஏற்கிறான் என்று ஒரு பக்கம் எழுதிவிடக்கூடும். பாட்டில் டி.எம்.சௌந்தரராஜன் உச்சரிப்பதைக் கேட்டால் ஐயமே இராது. அது இசையிலும் நடனத்திலும் வரும் பாவம், உணர்ச்சி வெளிப்பாடு. ஆகவே காதையும் தாளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

தணிக்கை கைவைத்த வரிகளும் உண்டு. 1966இல் வெளிவந்த ‘அன்பே வா’ படத்தின் ‘புதிய வானம் புதிய பூமி’ பாட்டில் வாலி எழுதியது ‘உதயசூரியனின் பார்வையிலே’. உதயசூரியன் தி.மு.க.வின் தேர்தல் சின்னம், படத்தின் நாயகன் அப்போது அந்தக் கட்சியில் இருந்த எம்.ஜி.ஆர். தணிக்கைக்குப் பிறகு அது ‘புதிய சூரியனின் பார்வையிலே’ ஆயிற்று. இப்போது அந்த வரிக்கு இரண்டு பொருள்கள். சுற்றுலா வந்தவன் காலைச் சூரியனைப் பார்த்துக் குதிப்பது ஒன்று. அடுத்த ஆண்டு ஆட்சியைப் பிடிக்கப்போகும் கட்சியின் கூட்டம் தியேட்டரில் கைதட்டியது இன்னொன்று. எந்த வடிவத்தை வைத்து எழுதுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யார், யாரிடம், எப்போது

புதியவர்கள் அதிகமாகத் தாண்டிப்போகும் படி இதுதான். திரைப்பாட்டைக் கவிஞர் தம் குரலில் எழுதுவதில்லை. இயக்குநர் சூழலைச் சொல்கிறார், ஒரு பாத்திரத்துக்காகக் கவிஞர் எழுதுகிறார். ‘கண்ணதாசன் சொல்கிறார்’ என்று தொடங்கும் முன், அந்த இடத்தில் யார் சொல்கிறான் என்று கேளுங்கள்.

1961இல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தில் உள்ள ‘போனால் போகட்டும் போடா’ பாட்டை எடுத்துக்கொள்வோம். கண்ணதாசன் எழுதியது. இசை விஸ்வநாதன், ராமமூர்த்தி. தனியாகக் கேட்டால் இது நிலையாமையைப் பற்றிய தத்துவப் பாட்டு. பெரும்பாலான கட்டுரைகள் அப்படித்தான் வகைப்படுத்தி அடுக்கில் வைத்துவிடுகின்றன. படத்துக்குள் போய்ப் பாருங்கள். பாடுபவன் ஒரு டாக்டர். அவன் மனைவி இறந்துவிட்டதாக நம்புகிறான். கதையில் அவள் உண்மையில் சாகவில்லை. பாட்டில் அவன் எதிரே யாரும் இல்லை. அப்படியானால் ‘போடா’ என்று யாரை விரட்டுகிறான்? ‘வாழ்ந்தவர் யாரடா’ என்று யாரைக் கேட்கிறான்? தன்னைத்தான். தன்னையே ‘டா’ போட்டு அதட்டும் அளவுக்கு அவனுக்குள் ஒருவன் அடங்காமல் அழுதுகொண்டிருக்கிறான் என்று அந்த ஓரெழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. தத்துவம் தெளிந்தவன் ‘போடா’ என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை.

உங்கள் தாளில் மூன்று விடைகளை எழுதுங்கள்: யார் சொல்கிறான், யாரிடம் சொல்கிறான், சொல்வதற்குச் சற்று முன் என்ன நடந்தது. படம் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்டு எழுதுவதும் நியாயமான வழிதான். பெரும்பாலான பாட்டுகள் நம்மிடம் வானொலி வழியாகவே வந்து சேர்ந்தன. ஆனால் அப்படி எழுதுவதாக ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

சின்னச் சொற்களைத் துரத்துங்கள்

உவமைகளும் உருவகங்களும் எல்லோர் கண்ணிலும் படும். நீங்கள் அடிக்கோடிட வேண்டியவை நான், நீ, நாம், அவன், அவள், ஏ, தான், ஆ போன்ற சின்ன உருப்படிகள். வினைச்சொற்களின் விகுதிகளையும் குறியுங்கள். யார் செய்கிறார் என்பது தமிழில் வினைமுற்றின் வாலில்தான் இருக்கிறது. பாட்டின் நடுவே அந்த வால் மாறினால் ஏதோ நடந்திருக்கிறது.

அதே பாட்டைப் பார்ப்போம். முதல் சரணத்தில் வருவது ‘நமக்கே’. வாசல் நமக்கே தெரியாது, வந்தவர் எல்லாம் தங்கிவிட்டால் மண்ணில் நமக்கே இடமில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான பேச்சு. வாழ்க்கை வியாபாரம், பிறப்பு வரவு, இறப்பு செலவு என்று கணக்குப் பிள்ளையின் நிதானத்தோடு முடிகிறது. இரண்டாம் சரணத்தில் ‘அவன்’ வருகிறான். இரவல் கொடுத்தவன் திரும்பக் கேட்கிறான், இல்லை என்றால் ‘அவன் விடுவானா’. இங்கேயும் பேச்சு பொதுவானதுதான், ஆனால் வியாபாரி கடன்காரனாகிவிட்டான். மூன்றாம் சரணத்தில்தான் ‘நான்’ வருகிறது. எலும்புக்கும் சதைக்கும் ‘மருத்துவம் கண்டேன்’, இதற்கு ஒரு ‘மருந்தைக் கண்டேனா’ என்று கேட்டுவிட்டு, கண்டிருந்தால் அவளைத் தனியே நெருப்பில் ‘விடுவேனா’ என்கிறான்.

‘விடுவானா’ இரண்டாம் சரணத்தில் வந்தது. ‘விடுவேனா’ மூன்றாம் சரணத்தில் வருகிறது. ஒரே வினை, வால் மட்டும் மாறுகிறது. கடவுள் விடமாட்டான் என்று சொன்ன அதே வாய், நான் விட்டுவிட்டேனே என்கிறது. ‘அவளை’ என்ற சொல்லும் இங்கேதான் முதன்முதலாக வருகிறது. இரண்டு சரணங்கள் முழுக்க மனைவியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் பூமி, வியாபாரம், கடன் என்று பேசிக்கொண்டே வந்தவன், தன் தொழிலைத் தொட்டதும் உடைந்துபோகிறான். என் வாசிப்பில், இந்தப் பாட்டு ஆறுதல் சொல்லத் தொடங்கி, அந்த ஆறுதல் தன்னிடமே பலிக்காமல் போவதைக் காட்டும் பாட்டு. அவனைச் சுடுவது சாவைவிட, டாக்டராக இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற குற்ற உணர்வு.

இதற்கு உடன்படாதவர்கள் இருப்பார்கள். அந்தச் சரணத்தின் பிற்பகுதியில் ‘நமக்கும் மேலே ஒருவன்’ என்று மறுபடி பொதுப்பேச்சுக்குத் திரும்புகிறானே, அங்கே அமைதி அடைந்துவிட்டான் அல்லவா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த ‘ஒருவன்’ தினமும் நாடகமாடுபவனாகச் சொல்லப்படுவதை நான் பதிலாகக் காட்டுவேன். அதில் எனக்குப் பணிவைவிடக் கசப்புதான் அதிகமாகக் கேட்கிறது. அவர் அதில் பணிவைக் கேட்கலாம். இருவரும் ஒரே சொல்லின்மேல் விரல் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம் என்பதே போதும்.

மெட்டு கேட்ட சொல்லா, பொருள் கேட்ட சொல்லா

திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். இசையமைப்பாளர் சொல் இல்லாமல் ‘தன தான’ என்று தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார், அந்த அளவுக்குள் கவிஞர் சொல்லை உட்கார வைப்பார். ஆகவே எல்லாச் சொல்லிலும் ஆழம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சில சொற்கள் ஒரு நெடில் தேவைப்பட்டதால் வந்தவை. சில எதுகைக்காக வந்தவை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நீங்கள் பொருள் கட்ட நினைக்கும் சொல்லை எடுத்துவிட்டு, அதே சந்தத்தில் அடங்கும் வேறொரு சொல்லை வைத்துப் பாடிப் பாருங்கள். பொருளில் ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தச் சொல்லின்மேல் வீடு கட்டாதீர்கள். ஏதோ போய்விட்டது போலத் தோன்றினால், போனது என்ன என்று எழுதுங்கள். பாதிக் கட்டுரை அங்கேயே கிடைத்துவிடும்.

‘போனால் போகட்டும்’ பாட்டின் இரண்டாம் சரணத்தில் ‘கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்காது’ என்று வருகிறது. உயிரைத் திரும்பக் கேட்கும் இடத்தில் கோர்ட்டா? முன்வரி ‘கூக்குரலாலே’, பின்வரி ‘கோட்டையில்’. கூ, கோ, கோ என்று மோனை ஓடுகிறது. ஆகவே ஓசை அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறது என்பது உண்மை. ‘வழக்குக்குப் போனால்’ என்று மாற்றிப் பாடுங்கள். ஓசை மட்டும் கெடவில்லை. கடன் கொடுத்தவன், கேட்டு வருபவன், கூச்சல், கோர்ட் என்று ஒரு தெருச் சண்டையாக வளர்ந்த காட்சியும் கலைந்துபோகிறது. கடவுளோடு நடக்கும் வழக்கைக் கடன் பாக்கி வழக்காக இறக்கியது அந்த ஆங்கிலச் சொல்தான். ஓசைக்காக வந்த சொல் பொருளுக்கும் உழைத்தால் அது நல்ல கவிஞரின் கை.

மாறாக, ‘அம்மம்மா’, ‘கண்ணே’, ‘அன்று’, ‘இன்று’ போன்றவை வரும் இடங்களில் கவனமாக இருங்கள். அவற்றில் பாதி மெட்டின் பசிக்குப் போட்ட தீனி.

பழைய குரல்கள்

தமிழ்த் திரைப்பாட்டின் பின்னால் இன்னொரு பாட்டு நிற்பது சாதாரணம். அதைக் கண்டுபிடித்ததும் ‘அங்கிருந்து எடுத்தது’ என்று துப்பறிந்த மகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

1962இல் வந்த ‘பாத காணிக்கை’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய ‘வீடு வரை உறவு’ பல்லவியின் மூலம் பட்டினத்தார் என்பது பலருக்கும் தெரியும். செல்வமும் வாழ்வும் வீட்டோடு, மனைவி வீதியோடு, அழும் பிள்ளைகள் சுடுகாட்டோடு என்று படிப்படியாக நின்றுவிடுகிறார்கள். இரண்டு பாட்டிலும் படிகள் ஏறக்குறைய ஒன்றே. கடைசிப் படியைப் பாருங்கள். பட்டினத்தார் ‘பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே’ என்று முடிக்கிறார். கூட வருவது எது என்று அவருக்குத் தெரியும். திரைப்பாட்டிலோ ‘கடைசி வரை யாரோ’. விடை இருந்த இடத்தில் ஒரு ‘ஓ’ நிற்கிறது. துறவி அறுதியிட்டுச் சொன்னதை 1962இன் மனிதன் ஐயமாக மாற்றிக்கொண்டான். ஒரு காலம் தன் உறுதிகளை இழந்ததை அந்த ‘யாரோ’வில் நான் கேட்கிறேன். இது என் பொருள். மெட்டில் ‘புண்ணிய பாவம்’ அடங்காது, அதனால் ‘யாரோ’ வந்தது என்று நீங்கள் மறுக்கலாம். மறுப்பதற்கும் முன்படியில் சொன்ன சோதனை உதவும்.

எடுத்தாள்வதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒரே பாட்டில் பார்க்கலாம். 1997இல் வந்த ‘இருவர்’ படத்தில், ஏ.ஆர்.ரகுமான் இசையில் வைரமுத்து எழுதிய ‘நறுமுகையே’. அதில் வரும் ‘யாயும் ஞாயும் யாராகியரோ’ குறுந்தொகையின் 40ஆம் பாட்டு. அங்கேயும் காதல், இங்கேயும் காதல். செம்மண்ணில் சேர்ந்த மழைநீரும் கூடவே வந்துவிடுகிறது. பொருள் அதே தடத்தில் போகிறது, சொல்ல அதிகம் இல்லை. அதே பாட்டில் வரும் ‘அற்றைத் திங்கள்’ புறநானூற்றின் 112ஆம் பாட்டு. அதைப் பாடியவர்கள் பாரியின் மகள்கள். அன்றைய நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றைப் பிறர் கொள்ளவில்லை. இன்றைய நிலவில் மூவேந்தர் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. ஐந்தே அடியில் நிற்கும் ஒப்பாரி அது. திரைப்பாட்டில் அந்த நிலவு, பொய்கையில் நீராடியவளையும் அவளைப் பார்த்தவனையும் நினைவூட்டும் காதல் நிலவாகிவிட்டது.

மூலத்தில் ‘அற்றைத் திங்கள்’ வந்தால் ‘இற்றைத் திங்கள்’ பின்னாலேயே வரும். திரைப்பாட்டில் ‘அற்றை’ திரும்பத் திரும்ப வருகிறது, ‘இற்றை’ வருவதே இல்லை. புறநானூறு தெரிந்த காதில் அந்த இல்லாத சொல் கேட்டுக்கொண்டே இருக்கும். இவர்களுடைய இன்றைய நிலவு எப்படி இருக்கப்போகிறது? வெறும் அழகுக்காக எடுத்த தொடர் என்று சொல்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் இழப்பின் சொல்லால் காதலைத் தொடங்கினால், அந்த இழப்பின் நிழல் கொஞ்சமாவது படியாமல் இராது என்பது என் கட்சி.

சங்க இலக்கியம் முழுக்கப் படித்திருக்க வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். ஒரு தொடர் அன்றாடத் தமிழிலிருந்து விலகி நின்றால் அதை அப்படியே தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை

தமிழில் ஒவ்வொரு புகழ்பெற்ற பாட்டுக்கும் பின்னால் ஒரு கதை உலவுகிறது. கவிஞருக்கும் தயாரிப்பாளருக்கும் சண்டை, யாருக்கோ எழுதிய மறைமுகக் கடிதம், ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது என்று. பாதி கதைகளுக்குச் சாட்சி கிடையாது. அவற்றை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன். வரிகள் அந்தக் கதையைத் தாங்குகின்றனவா என்று பாருங்கள்.

1967இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ‘அந்த சிவகாமி மகனிடம் சேதி சொல்லடி’ என்று ஒரு பாட்டு. கண்ணதாசன் எழுதியது. காமராசரின் தாயார் பெயர் சிவகாமி. அவரோடு மறுபடி சேரக் கவிஞர் விடுத்த தூது இது என்ற கதை நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. கேட்க இனிமையான கதைதான். இப்போது வரிகளைப் பாருங்கள். ‘வேலன் இல்லாமல் தோகை ஏதடி’ என்று தலைவி பாடுகிறாள். வேலன், தோகை என்றால் முருகனும் மயிலும். முருகனின் தாயும் சிவகாமிதான். தோழியைத் தலைவனிடம் தூது அனுப்புவது அகப்பாட்டின் பழைய வழக்கம். முருகன் என்று படித்தால் எல்லா வரிகளும் ஒழுங்காக உட்காருகின்றன. காமராசர் என்று படித்தால் முதல் வரி மட்டும் பளிச்சிட்டு, மற்றவை சும்மா நிற்கின்றன. ஒரு வரியை மட்டும் விளக்கும் கதை பாட்டின் பொருளாகாது, மேலே போட்ட பொன்னாடையாக வேண்டுமானால் இருக்கலாம். ‘என்று சொல்லப்படுகிறது’ என்ற தொடரோடு ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டுவிட்டு நகருங்கள்.

உங்கள் வாழ்க்கை எங்கே வரலாம்

வரலாம், தாராளமாக. ஆனால் அதற்கென்று ஒரு தனிப் பத்தி கொடுங்கள். பாட்டு என்ன சொல்கிறது என்பதும், பாட்டு எனக்கு என்ன செய்தது என்பதும் இரண்டு வேறு செய்திகள். ஒரே வாக்கியத்தில் அவற்றைக் கலந்தால் படிப்பவருக்கு எதை ஏற்பது, எதை மறுப்பது என்று தெரியாது.

வாலியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் சலித்து, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்த நேரத்தில், பி.பி.ஸ்ரீநிவாஸ் தாம் பாடியிருந்த ‘மயக்கமா கலக்கமா’ பாட்டைப் பாடிக் காட்ட, அதைக் கேட்டு மனம் மாறித் தங்கிவிட்டதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அது 1962இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. எழுதும்போது வாலியை அவர் நினைத்திருக்க வழியில்லை. பாட்டின் அறிவுரையோ ‘உனக்கும் கீழே உள்ளவர் கோடி’ என்பது. இருப்பதோடு நிறைவடையச் சொல்லும் அறிவுரை அது. வாலி அதிலிருந்து எடுத்துக்கொண்டதோ விடாமல் போராடும் துணிவு. பாட்டு அமைதி கொள்ளச் சொன்னது, கேட்டவர் மல்லுக்கு நின்றார். இந்த இடைவெளிதான் எழுதுவதற்குச் சுவையான இடம். உங்கள் வாழ்க்கையில் ஒரு பாட்டு ஏதாவது செய்திருந்தால், பாட்டு சொன்னதற்கும் நீங்கள் எடுத்துக்கொண்டதற்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றே என்று காட்ட மெனக்கெடாதீர்கள்.

எழுத உட்காரும்போது

இவ்வளவு குறிப்பும் கையில் இருந்தால் எழுதுவது கடினமில்லை. பாட்டு, படம், ஆண்டு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகிய விவரங்களை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுங்கள். எழுதியவர் பெயரை மட்டும் இரண்டு இடங்களில் சரிபாருங்கள். வாலி எழுதியதைக் கண்ணதாசன் கணக்கில் சேர்ப்பது இங்கே அன்றாடம் நடக்கிறது. அடுத்து, தாளின் தலையில் எழுதிய உறுத்தும் வரியையும் உங்கள் கேள்வியையும் வையுங்கள். பிறகு சொல் சொல்லாக உங்கள் பதில்.

முழுப் பாட்டையும் ஒட்டாதீர்கள். உரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்க, முழுப் பாட்டையும் கண்டதும் படிப்பவர் மனத்துக்குள் பாடத் தொடங்கி உங்களை மறந்துவிடுவார். நீங்கள் பேசப்போகும் தொடர்களை மட்டும் எடுத்துப் போடுங்கள். முதல் கட்டுரைக்கு 500 சொற்கள் போதும்.

‘காலத்தால் அழியாத வரிகள்’, ‘என்ன ஒரு கற்பனை’, ‘கவியரசர் இங்கே என்ன சொல்ல வருகிறார் என்றால்’ ஆகிய மூன்றும் உங்கள் கட்டுரையில் இருந்தால் அடித்துவிடுங்கள். ‘ஒருவேளை’, ‘எனக்குப் படுகிறது’ என்பவற்றையும் எண்ணிப் பார்த்துக் குறையுங்கள். உங்கள் பெயரில் எழுதுவது உங்களுக்குப் பட்டதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் வாசிப்புக்கு எதிராக நிற்கும் ஒரு வரியைப் பாட்டிலிருந்து நீங்களே எடுத்துக் காட்டி அதற்குப் பதில் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் முதலில் வரும் வாசகர் செய்துவிடுவார், கொஞ்சம் கிண்டலோடு.

எழுதி முடித்ததும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டை மறுபடி ஒருமுறை கேளுங்கள். பாடகர் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார், எதை விழுங்குகிறார் என்று கவனித்தால் உங்கள் வாசிப்பில் ஒன்றிரண்டு இடங்கள் மாறும். மாற்றிவிடுங்கள்.

முதல் பயிற்சிக்கு எந்தப் பாட்டு என்று கேட்டால், 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்காகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய ‘தூங்காதே தம்பி தூங்காதே’ பாட்டைச் சொல்வேன். எளிய சொற்கள், தெளிவான ஓசை, யாரிடம் சொல்கிறார் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. சின்னப் பையனுக்கு அறிவுரை என்றுதான் எல்லோரும் அதை வைத்திருக்கிறார்கள். கடைசிப் பகுதியில் போர்ப்படையில் தூங்கியவன், பள்ளியில் தூங்கியவன், கடையில் தூங்கியவன் என்று வரிசையாக வந்து, முடிவில் ‘பொறுப்புள்ள மனிதரின் தூக்கத்தினால்’ என்று ஒரு தொடர் வருகிறது. தம்பியை எழுப்ப வந்த பாட்டு அந்த இடத்தில் யாரைப் பார்த்துப் பேசுகிறது, அதற்கு அடுத்த வரியில் தூங்குவது ஆளா வேறொன்றா என்று மட்டும் பார்த்து, ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.